என் வீட்டுக்கு வராதவரின் கையெழுத்து

பத்திரம், பிளான் அப்ரூவல், வரி ரசீது எல்லாம் போட்டு வைத்திருக்கும் நீல ஃபைலில் ஒரு காகிதம் இருக்கிறது. மாடி வீட்டுக்குத் தனி மின் இணைப்பு வாங்கியபோது கொடுத்த வயரிங் அறிக்கையின் நகல். வேலை முறைப்படி முடிந்தது, இன்சுலேஷன் சோதித்தாயிற்று, எர்த் சரியாக இருக்கிறது என்று சொல்லிக் கீழே லைசென்ஸ் பெற்ற மின் ஒப்பந்ததாரர் ஒருவரின் கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்ப்பும். அவர் என் வீட்டைப் பார்த்ததே இல்லை. எங்கள் தெரு மதுரையில் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அவர் கேட்கவில்லை. 2,500 ரூபாய் வாங்கிக்கொண்டார். டிராயரைத் திறந்து ஸ்டாம்ப் பேடை எடுத்ததிலிருந்து திரும்ப மூடியது வரைக்கும் பத்து நிமிடம் ஆகியிருக்காது. வெளியே வந்து பைக்கை எடுக்கும்போது எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை, ஒரு வேலை முடிந்தது என்றுதான் இருந்தது. உறுத்தல் வந்தது ரொம்ப நாள் கழித்து, அதுவும் ஓர் ஆணியால்.

உண்மையில் வயரிங் செய்தவர் பாண்டி அண்ணன். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, உசிலம்பட்டிப் பக்கம் அவர் மாமாவோடு பை தூக்கிப் போய்த் தொழில் கற்றவர். என்னை 'தம்பி' என்பார், என் மனைவியை 'பாப்பா' என்பார். லைசென்ஸ் கிடையாது. அதை மறைக்கவும் மாட்டார். 'கையெழுத்துக்கு வேற ஆளு இருக்காரு தம்பி' என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அவருக்குக் கூலி பேசிய கதையை இப்போது எழுதும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கணக்கைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

சதுர அடிக்கு 45 ரூபாய் கேட்டார். நான் 38-க்கு இறக்கினேன். 900 சதுர அடி, ஆக 34,200. 6,300 ரூபாய் மிச்சம் பிடித்த சந்தோஷத்தில் அன்றைக்கு வீட்டில் பெருமையடித்தும் கொண்டேன். அந்தப் பணத்துக்கு அவர் செய்த வேலை ஏழு மாதத்தில் துண்டு துண்டாக விரவிக் கிடந்தது. காங்கிரீட் போடுவதற்கு முதல் நாள் கம்பிக்கு நடுவே பைப்பும் ஃபேன் பாக்ஸும் கட்டியது, சுவர் எழும்பிய பிறகு காடி வெட்டி பாக்ஸ் பதித்தது, பூச்சு முடிந்ததும் ஸ்பிரிங் விட்டு வயர் இழுத்தது, பெயின்டருக்குப் பின்னால் வந்து ஸ்விட்ச் மாட்டியது, எர்த் குழியில் கரியும் உப்பும் கொட்டியது. பின்னால் ஒருநாள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன், மொத்தம் 26 நாள். கூட வந்த பையனுக்கு நாளுக்கு 600 அவர்தான் கொடுத்தார். அதில் 15,600 போய்விட்டது. மீதி 18,600-ஐ 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 715 ரூபாய். அதே வீட்டில், அதே நாட்களில், கொத்தனாருக்கு ஆயிரம் ரூபாய் பேரம் இல்லாமல் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

(ஸ்விட்ச் டப்பாவுக்குள் எலக்ட்ரீசியனுக்கென்று கம்பெனிக்காரர்கள் ஒரு கூப்பன் வைத்திருப்பார்கள். அதை அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதைப் பார்த்து, 'என் காசில் வாங்கிய பெட்டி, கூப்பன் இவருக்கா' என்று மனதுக்குள் கறுவியிருக்கிறேன். நான் குறைத்த ஏழு ரூபாய் அப்படித்தான் கொஞ்சமாவது அவருக்குத் திரும்பிப் போனது என்பது பிறகுதான் புரிந்தது.)

மூன்று எழுத்துகள்

சட்டம் என்ன சொல்கிறது என்று அப்புறம்தான் தேடிப் படித்தேன். பல்பு, ஃபேன், ஃபியூஸ், ஸ்விட்ச் மாற்றுவதற்கு யாரும் தேவையில்லை, நாமே செய்துகொள்ளலாம். ஆனால் புதிதாக ஒரு பாயிண்ட் இழுப்பதோ, இருக்கும் வயரிங்கை மாற்றுவதோ, மாநில அரசிடம் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும். தகுதிச் சான்றிதழ் உள்ளவர் நேரடியாக நின்று மேற்பார்க்க வேண்டும். 1956 விதிகளிலும் இது இருந்தது, அதற்குப் பதிலாக வந்த மத்திய மின்சார ஆணையத்தின் 2010 விதிமுறைகளிலும் இருந்தது, 2023-இல் புதுப்பித்ததிலும் இருக்கிறது. 'நேரடியாக நின்று' என்ற சொல்லை மட்டும் இரண்டு முறை படித்தேன்.

தமிழ்நாட்டில் இதற்கென்று மின் உரிமம் வழங்கும் வாரியம் சென்னை கிண்டியில் இருக்கிறது. தொழிலில் இருப்பவர்கள் எழுத்தை வைத்துத்தான் பேசுவார்கள்: எச், பி, சி. எச் என்றால் மின்கம்பியாள் உதவியாளர், பி என்றால் வயர்மேன், சி என்றால் சூப்பர்வைசர். டிப்ளமோவோ பொறியியலோ படித்து அனுபவமும் உள்ளவர்கள் சி-க்குப் போவார்கள். ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் எலக்ட்ரீசியன் பிரிவு முடித்து அதன்மேல் அப்ரண்டிஸ்ஷிப்போ அனுபவமோ இருந்தால் பி. படிக்காமல் தொழிலில் வளர்ந்தவர்களுக்கென்று இருக்கும் கதவு எச் ஒன்றுதான். அதற்கு வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை ஐ.டி.ஐ.க்களில் தகுதிகாண் தேர்வு நடத்துகிறது. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், வயரிங் தொழிலில் ஐந்து வருடத்துக்குக் குறையாத செய்முறை அனுபவம் வேண்டும், உச்ச வயது வரம்பு இல்லை. ஒப்பந்ததாரர் உரிமம் இதற்கெல்லாம் மேலே: சான்றிதழ் உள்ள ஆட்களை வைத்திருக்க வேண்டும், இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகர், எர்த் டெஸ்டர் போன்ற கருவிகள் சொந்தமாக இருக்க வேண்டும். என் வீட்டு அறிக்கையில் இன்சுலேஷன் அளவு என்று எழுதியிருக்கும் எண் ஒரு மெகர் காட்டியிருக்க வேண்டிய எண். அந்த மெகர் எங்கள் படிக்கட்டு ஏறியதில்லை.

இதையெல்லாம் படித்த புதிதில் எனக்குக் கோபம் பாண்டி அண்ணன் மேல்தான் வந்தது. லைசென்ஸ் இல்லாதவரை ஏன் வேலைக்கு விட்டேன் என்று. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், சான்றிதழ் இல்லாதவர்களை யாரும் வேலைக்கு அழைக்கக் கூடாது என்று நண்பர்களிடம் நீட்டி முழக்கினேன். அதற்குக் காரணமும் இருந்தது. பக்கத்து வீட்டில் வாஷிங் மெஷின் தொட்டால் 'சுர்'ரென்று பிடிக்கிறது என்று போய்ப் பார்த்தபோது, மூன்று துளை பிளக்கில் எர்த் துளைக்குப் பின்னால் வயரே இல்லை. வெறும் துளை. எவரோ ஒருவர் பாக்ஸ் வரைக்கும் பச்சை வயரை இழுத்து வந்து, மாட்டாமல், சுருட்டி உள்ளே தள்ளிவிட்டுப் போயிருக்கிறார். அந்த வீட்டுக்கும் என் வீட்டு அறிக்கை மாதிரியே ஓர் அறிக்கை இருக்கத்தானே செய்யும்? அந்தக் கேள்வி அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஆணி

அப்பா இறந்து ஒரு வருடம் ஆனபோது படத்தைப் பெரிதாக்கி ஹாலில் மாட்டினோம். நான்தான் ஆணி அடித்தேன். அடுத்த வாரத்திலிருந்து மாடியில் கரண்ட் அடிக்கடி போக ஆரம்பித்தது. எல்லா லைனும் பிரியும் டி.பி. பாக்ஸைத் திறந்து பார்த்தால், கரண்ட் கசிந்தால் துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. விழுந்திருக்கும். லைட்டும் ஃபேனும் மட்டும் ஓடினால் ஒன்றும் இல்லை. அயர்ன் பாக்ஸ் போட்டால் டப்பென்று விழும். அயர்ன் பாக்ஸ்தான் கெட்டுவிட்டது என்று புதிது வாங்கினேன். அதற்கும் விழுந்தது. கீழ்த்தெருவில் ஒரு பையனை அழைத்துக் காட்டினேன். அவன் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, 'இது ஓவர் சென்சிடிவ் சார், எடுத்துட்டு டைரக்டா குடுத்துரலாம்' என்றான். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆனால் அன்றைக்கு அவனிடம் சாமான் இல்லை. மறுநாள் பாண்டி அண்ணன் அந்தப் பக்கம் வந்ததால் அவரிடம் சொன்னேன்: 'அண்ணே, அதை எடுத்துட்டு டைரக்ட் பண்ணிருங்க, தொல்லை தாங்கல.'

'அது நான் செய்ய மாட்டேன் தம்பி,' என்றார். குரலை உயர்த்தவில்லை. 'வேணும்னா அந்தப் பையனையே கூப்பிட்டுக்கங்க. நான் போட்ட வீட்ல நான் அதைக் கழட்ட மாட்டேன்.'

ஆர்.சி.சி.பி. செய்வது எளிமையான கணக்கு. ஃபேஸில் உள்ளே போன கரண்ட் அத்தனையும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால்கூட, வேறு எங்கோ வழியாக, ஒருவேளை ஒரு மனிதன் வழியாக, போகிறது என்று எடுத்துக்கொண்டு துண்டித்துவிடும். ஒவ்வொரு லைனுக்கும் தனியாக இருக்கும் எம்.சி.பி. அப்படியில்லை, அது வயர் எரியாமல் பார்த்துக்கொள்ளும், ஆளைப் பற்றி அதற்கு அக்கறையில்லை. இதை அவர் எனக்கு விளக்கியது இந்தச் சொற்களில் இல்லை. 'கடைக்கு நூறு ரூவா குடுத்துவிட்டா மிச்சத்தை எண்ணி வாங்குறோம்ல, அது மாதிரி' என்றார்.

முதலில் எல்லா எம்.சி.பி.யையும் கீழே தள்ளிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றினார். ஹால் லைனுக்கான எம்.சி.பி. கீழேயே கிடக்கும்போதும், சமையலறையில் அயர்ன் பாக்ஸைச் செருகினால் ஆர்.சி.சி.பி. விழுந்தது. அங்கேதான் அவர் கொஞ்சம் நின்றார். பீடி பிடிக்கிறவராக இருந்திருந்தால் அப்போது ஒன்று பற்ற வைத்திருப்பார். 'ஃபேஸ் இல்ல தம்பி, நியூட்ரலு எங்கயோ எர்த்தைத் தொடுது. எம்.சி.பி. ஃபேஸை மட்டும்தான வெட்டும், நியூட்ரல் அப்படியே இருக்கும்ல.' மெயினை நிறுத்திவிட்டு, நியூட்ரல் லிங்க்கில் இருந்த கறுப்பு வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, மீட்டரை எர்த்தோடு வைத்துப் பார்த்தார். நான்காவது வயரில் 'பீப்' என்றது. ஹால். பிறகு ஹாலில் ஒவ்வொரு போர்டாகத் திறந்து, பிரித்து, திரும்பவும் மீட்டர் வைத்து, எந்த இரண்டு பாக்ஸுக்கு நடுவே என்று குறுக்கிக்கொண்டே வந்தார். இரண்டரை மணி நேரம். கடைசியில் மீட்டரைக் கீழே வைத்துவிட்டுச் சுவரை மட்டும் பார்த்தார். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலே, ஐந்தடி உயரத்தில், அப்பா.

படத்தை இறக்கி ஆணியைப் பிடுங்கினார். மீட்டர் வாயை மூடிக்கொண்டது. ஆணி பைப்பைத் துளைத்து, நியூட்ரலின் தோலைக் கிழித்து, பக்கத்திலிருந்த எர்த் வயரைத் தொட்டுக்கொண்டு நின்றிருக்கிறது. லைட் எரியும்போது எர்த் பக்கம் ஒதுங்கியது சொற்பம், அயர்ன் பாக்ஸ் போட்டால் மட்டும் 30 மில்லியைத் தாண்டியிருக்கிறது. அந்தத் துண்டு வயரை உருவி எடுத்து என் கையில் கொடுத்தார். சிவப்பு வயரிலும் ஒரு கீறல் இருந்தது, செம்பு தெரியவில்லை, அவ்வளவுதான். 'ஒரு நூலு அந்தப் பக்கம் போயிருந்தா ஆணியில ஃபேஸு' என்றார். படத்துக்கு வெள்ளி ஃபிரேம். அதைத் தினமும் ஈரத்துணியால் துடைப்பது அம்மா. ஆர்.சி.சி.பி.யை எடுத்துவிடச் சொன்னது நான்.

எவ்வளவு அண்ணே என்று கேட்டேன். 'முந்நூறு குடுங்க' என்றார்.

அந்த முந்நூறுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. வீட்டில் சோதனை நடந்ததாகக் கையெழுத்துப் போட்டவருக்கு 2,500. சோதனையை உண்மையிலேயே நடத்தியவருக்கு 300. புதுப் போர்டு மாட்டியிருந்தால், மீட்டர் கணக்கில் வயர் இழுத்திருந்தால், அவர் கூடக் கேட்டிருப்பார், நானும் கேள்வி கேட்காமல் கொடுத்திருப்பேன். கண்ணுக்குத் தெரியும் சாமான் ஏதும் மாற்றாமல் கண்டுபிடித்ததற்கு மட்டும் காசு கேட்க அவருக்கே வாய் வரவில்லை. ஆயிரம் கொடுத்தேன். ஐந்நூறைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மகனுக்கு எந்தக் கதவு

அவர் மகன் கே.புதூர் அரசு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் பிரிவில் படித்தான். அரசு ஐ.டி.ஐ.யில் கட்டணச் சுமை இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. முடித்த பிறகு என்ன செய்வது என்பதில் அந்த வீட்டில் மூன்று கட்சி. அம்மாவுக்கு இ.பி. 2025-இல் டி.என்.பி.எஸ்.சி. மின்வாரியத்துக்கு 1,794 கள உதவியாளர் இடங்களை அறிவித்தது, ஐ.டி.ஐ. எலக்ட்ரீசியன், வயர்மேன் படித்தவர்களுக்கு. சம்பளம் 18,800-இல் தொடங்குகிறது. அரசாங்க வேலை, பென்ஷன், பெண் கொடுப்பார்கள். மாமாவுக்கு சவுதி. மகனுக்கு சோலார். ஒரகடம், ஓசூர் பக்கம் கம்பெனிகளில் டிரெய்னியாகக் கூப்பிடுவதை அங்கே யாரும் ஒரு கட்சியாகவே கருதவில்லை. அறை வாடகையும் சாப்பாடும் போனால் கையில் என்ன நிற்கும் என்பது பக்கத்து வீட்டுப் பையன்கள் போய் வந்து சொன்ன கணக்கு.

எனக்கென்னவோ பையன் சொன்னதில் விஷயம் இருப்பதாகத் தோன்றியது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு வீட்டுக்கூரை சோலார் திட்டம் கொண்டுவந்த பிறகு, மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைப்பதால் எங்கள் தெருவிலேயே ஆட்கள் பேனல் போட ஆரம்பித்துவிட்டார்கள். 'அப்பா, வீட்டுக்கு வர்ற ஏ.சி. கரண்ட் ஒரு செகண்டுக்கு நூறு தடவை ஜீரோவைத் தொட்டுட்டு வரும், அதனால பொறி விழுந்தாலும் அணைஞ்சிரும். பேனல்ல வர்ற டி.சி. கரண்ட் அப்படித் தொடாது, ஆர்க் பிடிச்சா நின்னு எரியும். வெயில் இருக்கிற வரைக்கும் பேனலை ஆஃப் பண்ணவும் முடியாது' என்று அவன் விளக்கியதை, பாண்டி அண்ணன் வாயைப் பிளந்து கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் என்னிடம் தனியாக, 'நமக்குச் சொல்லிக் குடுக்கிறான் தம்பி' என்றார். பெருமையா வருத்தமா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு குரல்.

அந்தப் பேச்சின் தொடர்ச்சியாகத்தான் எச் தேர்வைப் பற்றிச் சொன்னேன். சிரித்தார். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தின் அட்டையை எடுத்துக் காட்டினார். 1994-இல் தொடங்கிய வாரியம். அந்த அட்டையில் தொழில் என்ற இடத்தில் எலக்ட்ரீசியன் என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. கீழே விழுந்தால், செத்தால், அறுபது வயதானால் இவர் எலக்ட்ரீசியன். வயரைத் தொடும்போது மட்டும் இல்லை. 'சரி, பரீட்சை எழுதுறேன்னு வைங்க. அஞ்சு வருஷம் வேலை பார்த்தேன்னு எவன் எழுதிக் குடுப்பான்? எங்க மாமாகிட்ட பார்த்தேன். அவருக்கே லைசென்ஸ் கிடையாது. அப்புறம் தனியா பார்த்தேன். நானே எனக்கு எழுதிக்கவா?'

இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் யாரிடம் கேட்கலாம் என்று தெரிந்தது. இருவருமாகப் போனோம், அதே டிராயர், அதே ஸ்டாம்ப் பேடு. நான் அவரை ஒரு வில்லனாகவே மனதில் வளர்த்து வைத்திருந்தேன். எதிரில் உட்கார்ந்திருந்தது காது சரியாகக் கேட்காத, எழுபதை நெருங்கும் ஒரு மனிதர். ஒரு காலத்தில் ஆள் வைத்து, மெகர் தூக்கிக்கொண்டு அலைந்தவர்தானாம். சதுர அடி ரேட் அடிபட அடிபட ஆட்களை வைத்துக்கொள்ள முடியவில்லை, கையெழுத்து மட்டும் மிஞ்சியது என்றார். வந்த விஷயத்தைச் சொன்னதும் ஒரு பழைய லெட்ஜரை எடுத்துப் புரட்டினார். பாண்டி அண்ணன் வயரிங் செய்து, இவர் கையெழுத்துப் போட்ட வீடுகள். பக்கம் பக்கமாக இருந்தன. என் வீடும் அதில் ஒரு வரி.

'இத்தனை வீட்டுக்கும் வேலை பார்த்தது என் ஆளுன்னுதானேப்பா எழுதிக் குடுத்திருக்கேன். கணக்குப்படி பார்த்தா நீ பதினோரு வருஷமா என்கிட்டதான் வேலை பார்க்குற' என்றார்.

லெட்டர் பேடில் எழுதி, ஸ்டாம்ப் அடித்து நீட்டினார். காசு வாங்கவில்லை. இத்தனை வருடம் பொய்யாகப் போன காகிதங்களெல்லாம் சேர்ந்து கடைசியில் ஓர் உண்மையைச் சொல்கிற மாதிரி ஆகிவிட்டது. அது நியாயமா என்று நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை. பாண்டி அண்ணன் அந்தக் கடிதத்தைப் படிக்கவேயில்லை, நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

பாஸ் செய்தாலும் அவர் பெயருக்கு முன்னால் வரப்போவது 'உதவியாளர்' என்ற சொல்தான். அறிக்கையில் கையெழுத்துப் போட அது போதாது. அவருக்கு அது தெரியும். போன வாரம் வீட்டுக்குப் போயிருந்தபோது, மகன் ஒருபக்கம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தான். 'நிறைய லோடு, வயர் மெல்லிசு, என்ன ஆகும்?' 'சூடாகும்.' 'எழுதும்போது காரணத்தோட எழுதணும்ப்பா.' அப்ளிகேஷனில் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, பேங்கில் ஒரு மாதிரி, நல வாரிய அட்டையில் ஒரு மாதிரி போட்டு வைத்திருக்கிறார். எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று பையன் திட்டியிருக்கிறான். ஸ்டூலின் மேல் ஒரு வயர் காயில் அட்டைப்பெட்டியைக் கிழித்து விரித்திருந்தார்கள். உள்பக்கம் முழுக்க, மேலிருந்து கீழாக, 'பா. பாண்டி', 'பா. பாண்டி' என்று இருந்தது. ஏழாவது எட்டாவது வரியிலிருந்து எழுத்து கொஞ்சம் நேராகியிருந்தது.